ஏழு முறை கழுவியும் போகாத மஞ்சள்

மாமா தோட்டத்தில் நிலக்கடலைக்குப் போட்டது போக அரை மூட்டை ஜிப்சம் மிஞ்சி, மாட்டுக் கொட்டகை ஓரமாகக் கிடந்தது. விதைத்த 40, 45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ அளவில் தூவி மண் அணைப்பார்கள். இந்தத் தடவை கணக்கு தப்பி அதிகம் வாங்கிவிட்டார். "எடுத்துக்கிட்டுப் போ மாப்ளே, மழையில நனைஞ்சா கல்லாயிடும்" என்றார்.

எனக்கும் அதில் ஒரு கண் இருந்தது. பள்ளிக் கண்காட்சிக்கு அம்மோனைட் (சுருள் ஓடுள்ள பழங்காலக் கடல் உயிரியின் புதைபடிவம்) வார்ப்புகள் பத்து வேண்டும். எங்கள் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் கடல் இருந்த காலத்துச் சங்கதி என்பதால், ஆய்வகத்தில் ஒரு நல்ல அம்மோனைட் இருக்கிறது. ரப்பர் அச்சும் எடுத்து வைத்திருந்தேன். ஜிப்சம் என்பது நீரேறிய கால்சியம் சல்பேட்; வறுத்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பதினோராம் வகுப்பில் நானே வருஷா வருஷம் நடத்துகிற பாடம். கடையில் காசு கொடுத்து வாங்குவானேன்?

பழைய இரும்பு வாணலி, சிறு தீ, வெப்பம் பார்க்கிற துப்பாக்கி மாதிரியான கருவி ஒன்று. 150லிருந்து 160 டிகிரிக்குள் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால், மாவு தண்ணீர் போலத் தளும்பிக் கொதிக்கும். உள்ளிருக்கும் நீர் ஆவியாக வெளியேறுவதுதான் அந்தக் கொதி. அடங்கியதும் இறக்கிவிடலாம். அதுவரை எல்லாம் பாடப்புத்தகம் போலவே நடந்தது. தண்ணீர் கலந்து அச்சில் ஊற்றியபின்தான் வம்பு. கடைப் பிளாஸ்டர் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறுகும். இது ஒரு மணி நேரம் கழித்தும் புளித்த தோசை மாவு போலவே இருந்தது. மறுநாள் அச்சிலிருந்து எடுத்தால், அம்மோனைட்டின் வரிகள் விரல் பட்டதும் பொடியாய் உதிர்ந்தன.

வறுத்ததில் பிசகோ என்று இரண்டு முறை வெப்பத்தை மாற்றிப் பார்த்தேன். அதே கதைதான். அப்புறம்தான் மூட்டையின் மேலேயே சந்தேகம் வந்தது. ஒரு கரண்டி தூளை வடிநீரில் கலக்கி பிஎச் தாளை நனைத்தால் 3. சுத்தமான ஜிப்சம் நடுநிலையில் நிற்க வேண்டும். ஆக, இது வெட்டியெடுத்த ஜிப்சம் இல்லை; உரத் தொழிற்சாலையில் பாஸ்பாரிக் அமிலம் தயாரிக்கும்போது மிஞ்சுகிற பாஸ்போஜிப்சம். பாறைப் பாஸ்பேட்டில் கந்தக அமிலத்தை ஊற்றினால் பாஸ்பாரிக் அமிலம் ஒரு பக்கம், ஜிப்சம் மறுபக்கம். ஒரு டன் பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு (அமிலத்தின் அளவை இந்தக் கணக்கில்தான் சொல்வார்கள்) சுமார் ஐந்து டன் ஜிப்சம் மிஞ்சும். அதனால்தான் அந்த ஆலைகளின் பக்கத்தில் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. வயலுக்கு இது தாராளமாகப் போதும். (இதில் ரேடியம் சிறிதளவு இருக்கும். தூள் பறக்கிற வேலைக்கு முகக்கவசம் கட்டாயம். நான் வாசலில்தான் வறுத்தேன்.)

சரி, ஒட்டியிருக்கும் அமிலம்தான் பிரச்சினை, கழுவினால் போய்விடும் என்று நினைத்தேன். அரைக் கிலோவுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, தெளியவிட்டு, இறுத்தேன். ஒவ்வொரு கழுவலிலும் மேல் நீரில் ஐந்து மில்லி எடுத்து, அடர் நைட்ரிக் அமிலமும் அம்மோனியம் மாலிப்டேட்டும் சேர்த்து லேசாகச் சூடு காட்டினேன். உப்புப் பகுப்பாய்வில் பிள்ளைகள் செய்கிற சோதனைதான். பாஸ்பேட் இருந்தால் கேனரிக் குருவி மஞ்சளில் வீழ்படிவு. முதல் நீரில் மஞ்சள் கொட்டியது. மூன்றாவதில் மங்கலாக வந்தது. ஐந்தாவதில் ஒன்றும் இல்லை. மன திருப்திக்கு ஏழு வரை போனேன். பிஎச் ஆறுக்கு மேல் வந்திருந்தது. ஜிப்சம் லிட்டருக்கு இரண்டு கிராமுக்கு மேல் கரையும் என்பதால், இந்தக் கழுவலில் முப்பது கிராமுக்கு மேல் சாக்கடைக்குப் போனது தனிக் கணக்கு.

காயவைத்து, வறுத்து, ஊற்றினேன். இப்போது முப்பத்தைந்து நிமிடத்தில் இறுகியது. முன்னைக்கு மேல்தான். ஆனாலும் நகத்தால் கீறினால் பள்ளம் விழுகிறது. எரிச்சலில், கழுவிக் காய்ந்த அந்தத் தூளிலேயே ஒரு சிட்டிகை எடுத்து, சூடான நைட்ரிக் அமிலத்தில் கரைந்தமட்டும் கரைத்து, மாலிப்டேட்டை ஊற்றினேன்.

நல்ல மஞ்சள். குழாயின் அடியில் அரை விரற்கடைக்கு.

கழுவிய நீரில் இல்லாத பாஸ்பேட் தூளுக்குள் எப்படி? மூன்று இடங்களில் அது இருக்கலாம். தூளின் மேலே ஒட்டியிருப்பது. அது கழுவலில் போய்விட்டது. அமிலம் தின்னாமல் விட்ட பாறைப் பாஸ்பேட் துணுக்குகள். அவை தண்ணீரில் கரையாது, நைட்ரிக் அமிலத்தில் கரையும். மூன்றாவது, ஜிப்சப் படிகத்தின் உள்ளேயே, சல்பேட் உட்கார வேண்டிய இடத்தில் பாஸ்பேட் உட்கார்ந்திருப்பது. மூன்றாவதுதான் எனக்குச் சுவாரசியம். ஆனால் மூட்டைத் தூளை வைத்துக்கொண்டு இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்துக் காட்ட முடியாது. பாறைத் துணுக்கே இல்லாத சுத்தமான உப்புகளிலிருந்து நானே ஜிப்சம் வளர்த்து, பக்கத்தில் பாஸ்பேட்டையும் வைத்தால் தெரிந்துவிடும். அம்மோனைட் வேலை அப்படியே நின்றது. அடுத்த இரண்டு மாதம் இதுதான்.

படிகம் மெதுவாக வளர வேண்டுமென்றால் கூழ்தான் வசதி. இரண்டு கரைசல்களும் நேராக மோதாமல், கூழுக்குள் ஊர்ந்து சந்திக்கும். முதலில் எடுத்தது சோடியம் சிலிக்கேட் கூழ். சல்பேட்டும் கொஞ்சம் பாஸ்பேட்டும் கலந்த கூழை அசிட்டிக் அமிலம் விட்டு இறுகச் செய்து, மேலே கால்சியம் குளோரைடு ஊற்றினேன். பத்து நாளில் அழகான ஊசிகள். எடுத்துக் கழுவி, கரைத்து, சோதித்தால் மஞ்சள்! ஆய்வக உதவியாளர் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டிக்கூட விட்டேன்.

அவர்தான் கேட்டார்: "பாஸ்பேட் போடாத குழாயையும் பாத்தீங்களா சார்?" பார்க்கவில்லை. பார்த்தால் அதிலும் மஞ்சள். வீழ்படிவாக இல்லை, கரைசலே லேசாக மஞ்சளித்திருந்தது. சிலிக்கேட்டும் மாலிப்டேட்டோடு சேர்ந்து மஞ்சள் நிறம் கொடுக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அந்த நேரத்துக்கு நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். படிகத்தில் ஒட்டியிருந்த சிலிக்கா கூழ்தான் ஏமாற்றியிருக்கிறது. இந்த வேலையைச் செய்யப் போகிறவர்கள் சிலிக்கா கூழ் பக்கமே போகாதீர்கள்.

மாற்று, மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் தருகிற அகர். கடற்பாசியில் எடுப்பது. 100 மில்லிக்கு ஒரு கிராம் போதும். நன்றாகக் கொதிக்கவைத்துக் கரைத்து, 60 டிகிரிக்கு ஆறியபின்தான் உப்புக் கரைசலைக் கலக்க வேண்டும். அமிலத்தோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் அகர் இறுகாமல் நீர்த்துவிடும். சல்பேட்டுக்குச் சோடியம் சல்பேட். பாஸ்பேட்டுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்தில் விடுகிற எம்கேபி உரம், அதாவது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். பெரிய கொதிகுழாய் நான்கு. முதலாவதில் சல்பேட் மட்டும். இரண்டாவதில் ஒன்பது பங்கு சல்பேட்டுக்கு ஒரு பங்கு பாஸ்பேட். மூன்றாவதில் பாதிக்குப் பாதி. நான்காவதில் பாஸ்பேட் மட்டும். எல்லாவற்றிலும் மொத்தச் செறிவு கால் மோலார், பிஎச் 5. மேலே அரை மோலார் கால்சியம் குளோரைடு, கூழ் கிழியாமல் குழாயின் ஓரமாக வழியவிட்டு.

பிஎச் பற்றி இரண்டு வார்த்தை. பாஸ்பேட்டில் ஜிப்சத்துக்கு ஒத்துப்போகிற வடிவம் ஹைட்ரஜன் பாஸ்பேட். பிஎச் 5ல் கரைசலில் இருக்கிற பாஸ்பேட்டில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் அந்த வடிவத்தில் இருக்கும். மீதியெல்லாம் இன்னொரு ஹைட்ரஜனையும் சுமந்துகொண்டு டைஹைட்ரஜனாகச் சும்மா நிற்கும். பிஎச்சைக் கூட்டினால் அந்தப் பங்கு கூடும். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவது போலத்தான். ஆனால் அதிகம் திறந்தால் காரியம் கெடும். முதல் தடவை நான்காவது குழாயில் சோடியம் ஹைட்ராக்சைடு கை தவறி அதிகமாகி, பிஎச் 7.5 போய்விட்டது. கால்சியம் ஊற்றிய மறுநாள் குழாயில் தயிர் உறைந்தது போல ஒரு வெள்ளைச் சுவர். அது படிகமாக வளர நேரமே இல்லாமல் கொட்டிய, அப்படைட் என்ற கால்சியம் பாஸ்பேட் வகைச் சேறு. கொட்டிவிட்டு மறுபடி செய்தேன்.

பிஎச் 5ல் நான்காவது குழாய் அருமையாக வந்தது. மேலே ஒரு வெள்ளைப் பட்டை, கீழே இடைவெளி விட்டு இன்னொன்று, இன்னும் கீழே மற்றொன்று. ரபேல் லீசகாங் 1896ல் கவனித்துச் சொன்ன அந்த வளையங்கள். பட்டைகளுக்குக் கீழே மெல்லிய தட்டுகள், ஒரு புள்ளியிலிருந்து விரிந்து பூப்போல. இதுதான் பிரஷைட்: கால்சியம் ஹைட்ரஜன் பாஸ்பேட், கூடவே இரண்டு நீர் மூலக்கூறு. அமெரிக்கக் கனிமவியலாளர் ஜார்ஜ் ஜார்விஸ் பிரஷ் பெயரில் 1865ல் பெயர் வைத்தார்கள். முதலில் விவரிக்கப்பட்டது கடற்பறவை எச்சப் படிவிலிருந்து. சிறுநீரகக் கல்லில் ஒரு வகையும் இதுவேதான். அதிர்வலை கொண்டு உடைப்பதற்கு மசியாத முரட்டு வகை.

முதல் குழாயில் மூன்றாம் நாளே ஜிப்ச ஊசிகள் தெரிந்தன. பதினைந்தாம் நாள் ஒரு சென்டிமீட்டர் நீளம், கண்ணாடி போல. இரண்டாவது குழாய் ஐந்தாம் நாள் வரை வெறும் கூழாகவே நின்றது. அப்புறம் ஊசிகள் வந்தன. எண்ணிக்கையில் குறைவு, சற்றுக் குட்டை. பத்தில் ஒரு பங்கு பாஸ்பேட்டே ஜிப்சத்தின் வேகத்தை இப்படி இழுத்துப் பிடிக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், என் பிளாஸ்டர் ஏன் ஒரு மணி நேரம் சோம்பிக் கிடந்தது என்பது பாதி புரிந்தது. மூன்றாவது குழாயில் ஊசியும் இல்லை, தட்டும் இல்லை. ஜவ்வரிசி மாதிரி வெள்ளை உருண்டைகள்.

இனிதான் முக்கியமான சோதனை. இரண்டாவது குழாயின் ஊசிகளில் பெரியதாக மூன்றை இடுக்கியால் எடுத்து, ஜிப்சம் கரைத்துத் தெளிவித்த நீரில் கழுவினேன். சும்மா தண்ணீரில் கழுவினால் படிகமே கரையும். ஜிப்சத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு: ஒரு திசையில் சீட்டுக்கட்டு போலப் பிரியும். சவரப் பிளேடைப் பாதியாக உடைத்து, ஓரத்தில் வைத்து லேசாக அழுத்தினால், டிக் என்ற சத்தம்கூட இல்லாமல் தாள் கழன்று வரும். மேல் தாள், அடித் தாள், ஓரம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, வெளிக்காற்றே படாத நடுத் தாளை மட்டும் எடுத்தேன். ஒரு கட்டு வெற்றிலையில் நடு வெற்றிலையை உருவுவது போல. முதல் குழாய் ஊசிக்கும் இதே மரியாதை. இரண்டையும் தனித்தனியே நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, மாலிப்டேட் விட்டு, வெந்நீரில் நிறுத்தினேன்.

முதல் குழாய்: தண்ணீர் போலத் தெளிவு. இரண்டாவது: ஐந்து நிமிடத்தில் மஞ்சள் மூட்டம், அரை மணியில் அடியில் படிந்தது. இந்த வீழ்படிவில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குப் பன்னிரண்டு மாலிப்டினம் அணுக்கள் சேரும் என்பதால், துளிப் பாஸ்பேட்டும் பெரிதாகக் கண்ணில் படும். ஆக, பாறைத் துணுக்கு இல்லை, சிலிக்கா இல்லை, மேலே ஒட்டியதும் இல்லை. படிகத்தின் நடுத் தாளிலேயே பாஸ்பேட் இருக்கிறது. ஏழு முறை என்ன, எழுபது முறை கழுவினாலும் அது வராது. படிகமே கரைந்தால்தான் வரும்.

ஏன் ஜிப்சம் அதை உள்ளே விடுகிறது? இரண்டின் கட்டுமானமும் அப்படி. சல்பேட் என்பது நடுவில் கந்தகம், நான்கு மூலையில் ஆக்சிஜன். ஹைட்ரஜன் பாஸ்பேட்டும் நடுவில் பாஸ்பரஸ், நான்கு மூலையில் ஆக்சிஜன். ஒரு மூலையில் மட்டும் ஹைட்ரஜன் ஒன்று தொற்றிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் மின்சுமை ஒன்றே, எதிர்மம் இரண்டு. கால்சியமும் இவையும் கோணல்மாணல் சங்கிலியாகக் கோத்து ஒரு தாள் ஆகின்றன. தாளுக்கும் தாளுக்கும் நடுவே நீர் மூலக்கூறுகள் இரட்டை வரிசையில். பிளேடு நுழைகிற இடம் அந்த நீர் வரிசைதான். பிரஷைட்டும் அதே திசையில்தான் பிளவுபடும். தாள்களை அடுக்குகிற திசையில் படிகத்தின் அலகு ஜிப்சத்தில் 15.2 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு), பிரஷைட்டில் 15.18. இவ்வளவு நெருக்கம் உடன்பிறப்புகளிலேயே அபூர்வம்.

இந்த ஒற்றுமை என்னை ஒரு இடத்தில் முட்டாளாக்கியது. மூன்றாவது குழாயின் ஜவ்வரிசியில் எவ்வளவு ஜிப்சம், எவ்வளவு பிரஷைட் என்று எடை இழப்பை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று கிளம்பினேன். முதலில் தனித்தனியே ஒத்திகை. ஆய்வக ஜிப்சம் 5 கிராம். மாட்டுக்குத் தாது உப்பில் சேர்க்கிற டிசிபியில் (டைகால்சியம் பாஸ்பேட்) நீரேறிய வகை 5 கிராம், அதாவது பிரஷைட்டேதான். வீட்டில் கேக் செய்யாமல் கிடந்த மின் அடுப்பில் 250 டிகிரியில் இரண்டு மணி நேரம். ஜிப்சத்தில் 1.04 கிராம் குறைந்தது. மற்றதில் 1.03. தராசைத் துடைத்து மறுபடி நிறுத்தேன். அதேதான். அப்புறம்தான் காகிதத்தில் கணக்குப் போட்டேன், முதலில் போட்டிருக்க வேண்டிய கணக்கை. ஜிப்சத்தின் மூலக்கூறு எடை 172.17, பிரஷைட்டின் எடை 172.09. இரண்டிலும் இரண்டு நீர். இரண்டிலும் நீரின் பங்கு 20.9 சதவீதம். எடை போட்டுப் பிரிக்கவே முடியாத ஜோடி. அந்த அடுப்பில் இனி கேக் கிடையாது என்று வீட்டில் தீர்ப்பும் ஆயிற்று.

கையில் இருக்கிற கருவியால் ஆகாது என்று தெரிந்ததும், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பழைய மாணவி ஒருத்தியிடம் கேட்டேன். அகர் ஒட்டாமல் இருக்க, பாதிக்குப் பாதி கரைசலில் கால்சியம் குளோரைடை ஒரே ஊற்றாக ஊற்றிக் கலக்கி, விழுந்த வெள்ளைத் தூளைக் கழுவிக் காயவைத்து அனுப்பினேன். எக்ஸ் கதிர் எந்தக் கோணத்தில் சிதறுகிறது என்பதை வைத்துப் படிக அடுக்குகளின் தூரத்தைச் சொல்லும் எக்ஸ்ஆர்டி கருவியில் பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாள். "சார், ஜிப்சம்னா 11.6 டிகிரில முதல் கோடு வரணும். பிரஷைட்னா 11.7. இது 11.4ல நிக்குது சார். ரெண்டும் இல்ல."

ரெண்டும் இல்லாத அந்த மூன்றாவதுக்கும் பெயர் இருக்கிறது: ஆர்டியலைட். ருமேனியாவின் டிரான்சில்வேனியாவில் சோக்லோவினா என்ற குகை. வௌவால் எச்சம் அடுக்கடுக்காகக் கிடந்து, பாஸ்பேட்டுக்காக வெட்டியெடுத்த குகை. எச்சத்திலிருந்து பாஸ்பேட்டும் சல்பேட்டும் சேர்ந்தே கசிந்து, அமிலத் தன்மையோடு சுண்ணாம்புப் பாறையைத் தொட்டால் என்ன ஆகும்? என் பீக்கரில் ஆனதுதான். டிரான்சில்வேனியாவை அந்த ஊர்க்காரர்கள் ஆர்டியல் என்பார்கள். 1930களில் இந்தக் கனிமத்தை விவரித்தபோது அந்தப் பெயரே நிலைத்தது. இரண்டு கால்சியத்துக்கு ஒரு ஹைட்ரஜன் பாஸ்பேட், ஒரு சல்பேட், நான்கு நீர். அதாவது ஜிப்சம் ஒன்று, பிரஷைட் ஒன்று, கூட்டினால் அப்படியே வருகிற கணக்கு.

ஆனால் கட்டுமானம் கூட்டிக் கழித்த சராசரி இல்லை என்பதுதான் விசேஷம். ஆர்டியலைட்டில் அடுக்குத் திசை அலகு 30.99 ஆங்ஸ்ட்ராம். பாதியாக்கினால் சுமார் 15.5. இரண்டு பெற்றோரும் 15.2ல் இருக்க, பிள்ளை 15.5ல். நடுவில் விழவில்லை, இருவரையும் தாண்டிப் போய்விட்டது. 11.4 டிகிரிக் கோடு சொல்வதும் இதைத்தான்: கோடு இடப்பக்கம் நகர்ந்தால் அடுக்குகள் விலகியிருக்கின்றன என்று பொருள்.

எங்கள் தெருவில் சுவர் வைத்துக்கொண்டிருந்த கொத்தனாரிடம் பேசிக்கொண்டிருந்தபோது இதற்கு ஒரு உருவம் கிடைத்தது. ஒரே அச்சில் அறுத்த செங்கல். சிலவற்றில் மட்டும் ஒரு மூலையில் சின்னப் புடைப்பு. அந்த மாதிரி கல் நூற்றில் இரண்டு மூன்று வந்தால் கலவையில் அமுக்கிச் சரிக்கட்டிவிடுவாராம். பாதிக் கல் அப்படி வந்தால்? "வரிசையே ஏறிடும் சார். அப்புறம் புடைப்பு எங்க வரணும்னு பாத்துப் பாத்துத்தான் அடுக்கணும்." பாஸ்பேட்டின் மூலையில் தொற்றியிருக்கிற அந்த ஹைட்ரஜன்தான் புடைப்பு. கொஞ்சமாக வந்தால் ஜிப்சம் தன் வடிவம் மாறாமல் தாங்கிக்கொள்ளும். பிரஷைட்டும் கொஞ்சம் சல்பேட்டைத் தாங்கும். ஒன்றுக்கு ஒன்று என்று வந்தால் அடுக்குகள் எழும்பி, வேறொரு ஒழுங்கு பிடித்து, இரண்டு மடங்கு தூரத்துக்கு ஒருமுறைதான் அமைப்பு திரும்ப வரும். 30.99 என்ற எண் அங்கிருந்து வருகிறது.

எங்கள் பக்கத்தில், காரை என்ற ஊரின் மேட்டில், களிமண் வெடிப்புகளில் ஜிப்சம் நரம்பு நரம்பாக ஓடுகிறது. பாஸ்பேட் உருண்டைகளும் அதே மண்ணில் பொறுக்கலாம். பக்கத்துப் பக்கத்தில் கிடந்தும் அவை கலந்து படிகமானதில்லை. உருண்டைகளில் இருப்பது அப்படைட் வகை. பிரஷைட் பிறக்க வேண்டிய அமிலச் சூழல் வேறு.

மாணவியின் வரைபடம் வந்தபிறகும் எனக்குக் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒன்று வேண்டியிருந்தது. ஆய்வகத்தில் பழைய செலினைட் (கண்ணாடி போலத் தெளிந்த ஜிப்சப் படிகம்) துண்டு, உள்ளங்கை அகலம். அதிலிருந்து புதிதாக ஒரு தாளைப் பிளந்து, பத்தில் ஒரு மோலார் பாஸ்பேட் கரைசலில், பிஎச் 6ல் போட்டுவைத்தேன். கால்சியம் எதுவும் சேர்க்கவில்லை. ஜிப்சம் தானே கொஞ்சம் கரைந்து கால்சியத்தைக் கொடுக்கும். பிரஷைட் ஜிப்சத்தைவிடப் பல மடங்கு கரைதிறன் குறைந்தது என்பதால், அந்தக் கால்சியத்தைப் பாஸ்பேட் அங்கேயே பிடித்து உட்காரவைக்கும். இரண்டாம் நாள் தாளின் மேல் மூச்சு விட்ட கண்ணாடி போல மங்கல். நான்காம் நாள் எடுத்துக் கழுவி, நகைப் பட்டறையில் வைத்திருப்பார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸை வைத்து வாசல் வெயிலில் பார்த்தேன்.

மங்கல் என்று நினைத்தது நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு தட்டுகள். கயிறு பிடித்து நட்ட நாற்று போல, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன. தாளைக் கையில் பிடித்து மெல்லச் சாய்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, தெரியவில்லை, ஒரு கோணத்தில் அத்தனையும் ஒரே சமயத்தில் பளிச்சென்று மின்னின. இன்னும் ஒரு மயிரிழை சாய்த்தால் அத்தனையும் ஒன்றாக அணைந்தன. கண்டபடி முளைத்திருந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் மின்னியிருக்கும். கீழே இருக்கிற ஜிப்சத்தின் அடுக்கையே அஸ்திவாரமாக எடுத்துக்கொண்டு, அதன் வரிசை பிசகாமல் பிரஷைட் மேலே எழும்பியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேருக்கும் காட்டினேன். அரை மணி நேரம் லென்ஸைத் திருப்பித் தரவில்லை.

பத்து நாள் போட்டுவைத்த இன்னொரு தாளில் தட்டுகள் நெருங்கி மேற்பரப்பையே மூடிவிட்டன. அதற்குமேல் ஒன்றும் வளரவில்லை. மூடியபின் ஜிப்சம் கரைய வழியில்லை; கால்சியம் வரத்து நின்றுபோகிறது.

சரி, அம்மோனைட்டுக்கு வருவோம். மூட்டையில் சிக்கல் எங்கே என்று இப்போது தெரிந்துவிட்டது. வறுக்கும்போது உள்ளே இருக்கிற பாஸ்பேட் போவதில்லை. பிளாஸ்டரில் தண்ணீர் ஊற்றியதும் தூள் கரைந்து, மறுபடி ஜிப்ச ஊசிகளாகப் பின்னிக்கொண்டால்தான் இறுகும். கரைகிற அந்த நேரத்தில் அடைபட்டிருந்த பாஸ்பேட் விடுபட்டு, புது ஊசிகளை வளரவிடாமல் மறிக்கிறது; என் இரண்டாவது குழாயில் நடந்த அதே வேலை. ஆகவே அதைப் பிடிக்க வேண்டிய நேரம் கழுவும்போது இல்லை, இறுகும்போது. மூன்று முறை மட்டும் கழுவி, வறுத்த தூளில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சலித்த நீற்றுச் சுண்ணாம்பு கலந்தேன். விடுபடுகிற பாஸ்பேட்டைச் சுண்ணாம்பு அங்கேயே கரையாத கால்சியம் பாஸ்பேட்டாக முடக்கிவிடும். இருபது நிமிடத்தில் இறுகியது. அரைப் பங்கு சுண்ணாம்புக்கு அவ்வளவு பலன் இல்லை. இரண்டு பங்குக்கு மேல் போனால் வார்ப்பில் வெள்ளை பூத்தது.

பத்தில் எட்டு தேறின. வரிகள் கூர்மையாக இருக்கின்றன. நகத்தால் அழுத்திக் கீறினால்தான் தடம் விழுகிறது, எந்த ஜிப்சத்துக்கும் அவ்வளவுதான். ஒன்றை மாமாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, கழுவியது, வளர்த்தது, மஞ்சள் வந்தது என்று கதை முழுவதையும் சொன்னேன். நத்தை மாதிரி இருக்கிறதே என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த மஞ்சச் சரக்கு கடலைக்குக் கெடுதலா?"

"இல்ல மாமா, பாஸ்பேட்தானே, பயிருக்கு நல்லதுதான்."

"அப்ப எதுக்கு மாப்ளே ஏழு தடவ கழுவுன?"